முற்றத்து மண் யாருக்குரியது?

வீடு கட்டி முடித்தபின் கையில் சிறிது பணம் மிஞ்சினால், நம்மவர் முதலில் நினைப்பது முற்றத்துக்குத் தளம் போடுவதைத்தான். கண்டாச்சிபுரம் வட்டாரத்தில் மட்டுமன்று, தமிழகமெங்கும் வாசற்படி தொடங்கித் தெருவோரம் வரை சிமெண்ட் தளமோ பேவர் பிளாக் கற்களோ பரவி வருகின்றன. ஆலய வளாகங்களும் கெபிகளின் முன்புறமும் இதற்கு விலக்கல்ல. செடி வேண்டுமானால் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறோம். இது அவரவர் வசதியையும் விருப்பத்தையும் மட்டுமே சார்ந்ததா, அன்றி அறம் சார்ந்த கேள்வி ஒன்றும் இதனுள் அடங்கியுள்ளதா என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

தளம் போடுவோரைப் பழித்துவிட்டுப் போவது நியாயமாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்முற்றம் சேறாகிவிடும். முதியவர் வழுக்கி விழுந்தால் எஞ்சிய நாளெல்லாம் படுக்கையே கதியாகலாம். சக்கர நாற்காலியில் திருப்பலிக்கு வருபவருக்குச் சமதளமான பாதை ஓர் உரிமை. இவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் விடியுமுன் எழுந்து, குனிந்து பெருக்கி, சாணம் கரைத்துத் தெளித்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். மண்முற்றத்தின் அழகைப் புகழ்ந்தவர்களோ பெரும்பாலும் திண்ணையில் அமர்ந்திருந்த ஆண்கள். பெண்களின் முதுகுவலியைக் கணக்கில் கொள்ளாமல் பழமையைப் போற்றுவது அறமன்று. ஆகவே கல்லும் வேண்டும். கல்லும் இறைவன் படைத்ததே.

ஆயினும் நாம் வாழும் நிலத்தின் இயல்பையும் அறிதல் வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதி கடும்பாறை நிலம். கடலோரத்தைப் போல ஆழமான மணற்படுகை இங்கில்லை. மேலே சிதைந்து மண்ணான அடுக்கிலும் அதன் கீழுள்ள பாறை வெடிப்புகளிலும் இறங்கித் தங்கும் மழைநீரே நம் கிணறுகளின் சேமிப்பு. மண்ணில் வேரோடிய செடியும் புல்லும் மழையின் வேகத்தைத் தணித்து, நீர் உள்ளிறங்க வழி செய்கின்றன. அதே மண்ணின்மேல் சிமெண்ட் பூசிவிட்டால், விழும் மழை பெரும்பாலும் அப்படியே தெருவுக்கு ஓடிவிடும். பகலில் சூடேறிய தளம் அந்த வெப்பத்தை இரவில் வெளிவிடுவது வேறு.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது இம்மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய பெருமழையை எந்த முற்றமும் விழுங்கிவிட இயலாது. ஆனால் ஆண்டுதோறும் பெய்யும் சாதாரண மழையை முற்றத்து மண் ஏற்றுக்கொள்ளும். 2003-ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, கூரைநீருக்குக் குழாய் பதித்துக் குழி வெட்டினோம். முற்றத்தில் விழும் நீரை மறந்துவிட்டோம்.

அறத்தின் கேள்வி இங்கேதான் எழுகிறது. பத்திரத்தில் எழுதிய நான்கெல்லை நிலத்தின் மேற்பரப்புக்குரியது. அடியில் ஊறும் நீருக்கு அந்த எல்லை தெரியாது. என் முற்றத்தில் இறங்கும் மழை அடுத்த வீட்டுக் கிணற்றில் ஊறலாம். நான் அடைத்துவிட்டால் அவருடைய வாளி ஆழத்துக்குச் செல்லும். நான் வெளியே தள்ளிய நீர் தாழ்வான தெருவில் குடியிருக்கும் ஏழையின் வாசலில் தேங்கும். மண்ணுலகின் செல்வங்கள் மாந்தர் அனைவருக்கும் பொதுவாக வழங்கப்பட்டவை என்றும், தனியுடைமை அந்தப் பொது நோக்கத்துக்குக் கட்டுப்பட்டது என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தன் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டில் கற்பித்தது. நல்லோர்மீதும் தீயோர்மீதும் ஒன்றுபோல் மழை பெய்விக்கும் தந்தையின் பிள்ளைகள், அந்த மழையை ஒருவர் தடுத்துக்கொள்வதைச் சிறு குற்றமாகவேனும் கருத வேண்டாமா?

மரங்களுக்கும் ஒரு முறையீடு உண்டு. வேம்பின் நிழல் வேண்டும் என்று அதை வெட்டாமல் விட்டு, அடிமரம்வரை சிமெண்டால் இறுக்கிவிடுகிறோம். வேருக்கு நீரைப் போலவே காற்றும் தேவை. உணவு தேடும் நுண்வேர்கள் மேல்மண்ணில்தான் கிளைகளின் பரப்பையும் கடந்து விரிகின்றன. 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றுமாறு ஆணையிட நேர்ந்தது. சட்டம் சொல்லுமுன் நம் மனச்சான்று சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

கல்லையும் செடியையும் பகைவராக்க வேண்டியதில்லை. நடக்கும் வழியில் மட்டும் கருங்கல் பலகைகளைச் சிமெண்ட் கலவையின்றி மணல்மேல் பதித்து, இடையில் 2 அங்குலம் விட்டால், அங்கே அருகும் பொடுதலையும் தாமே படரும். தளத்தின் வாட்டம் தெருவை நோக்கியிராமல் செடிப் பாத்தியை நோக்கி இருக்கட்டும். அழகுக்காகச் செங்கல் வரம்பு எழுப்பிப் பாத்தியை உயர்த்துவது வழக்கம். அதனால் நீர் உள்ளே வருவதில்லை. பாத்தி தளத்தைவிடச் சற்றே தாழ்ந்திருப்பதே முறை. மரத்தைச் சுற்றிக் குறைந்தது 3 அடி மண் திறந்திருக்கட்டும்.

புனித அசிசி பிரான்சிஸ், தம் துறவு இல்லத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைப் பண்படுத்தாமல் விட்டுவைக்கச் சொன்னார். காட்டுப் பூக்களும் புற்களும் அங்கே வளர்ந்து படைத்தவரை நினைவூட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில் இதனை எடுத்துக்காட்டுகிறார். தமக்குரிய இடம் முழுவதையும் ஆண்டுவிடாமல் சிறிது விட்டுக்கொடுப்பதும் ஒரு வழிபாடு என்பதை அந்த ஏழைத் துறவி அறிந்திருந்தார்.

இன்று நாம் தளம் போட்டபின் செடிக்கு எங்கே இடம் மிச்சம் என்று கேட்கிறோம். மனிதரின் கால்களுக்கு எவ்வளவு கல் தேவை என்று முதலில் கேட்போம். முதியவரின் பாதைக்கும் பெண்களின் வேலை எளிமைக்கும் தேவையான கல்லைத் தாராளமாக இடுவோம். அதற்கு மேல் இடுவது பெருமைக்காக இடுவது. அடுத்த திருவிழாவுக்கு ஆலய முற்றத்தைச் சீரமைக்கப் பங்குப் பேரவை கூடும்போது, செலவுக் கணக்கோடு இந்தக் கணக்கையும் வைத்துப் பேசட்டும். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசி, நாம் மண்ணிலிருந்து வந்தவர்கள் என்று நினைவூட்டும் திருச்சபையின் வாசலில், தொட்டுப் பார்க்கக் கொஞ்சம் மண்ணாவது இருக்க வேண்டும்.