வேட்டைச் சங்கமும் வரையாடும்

கொல்வதற்கென்றே ஓருயிரைப் பேணியவனைக் காவலன் என்பதா, கொலைஞன் என்பதா? இவ்வினாவை நம்முன் வைத்தவர் பண்டிதர் எவரும் அல்லர். எட்டாம் வகுப்பில் பயிலும் நம் பெயரன். அக்டோபர் 7ஆம் நாள் வரையாடு நாளாகக் கொண்டாடப்படுவதால், அதுகுறித்து ஒரு பக்கம் எழுதி வருமாறு பள்ளியில் பணித்திருந்தனர். எங்கோ படித்துவிட்டு வந்து, "நீலகிரியில் வரையாட்டைக் காப்பாற்றியது ஒரு வேட்டைச் சங்கமாம், பாட்டி. அப்படியானால் வேட்டைக்காரர்கள் நல்லவர்கள்தாமே?" என்றான். முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நமக்கு உடனே விடை வரவில்லை.

அவன் படித்தது பொய்யன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியில் குடியேறிய ஐரோப்பிய அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் துப்பாக்கியைப் பொழுதுபோக்காகக் கொண்டனர். பெட்டை, குட்டி என்ற வேறுபாடின்றி வரையாடுகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்நூற்றாண்டின் இறுதியில் அம்மலையில் ஏறத்தாழ நூறு ஆடுகளே எஞ்சியிருந்தன என்பர். இந்நிலை வருவதை முன்னரே உணர்ந்த வேட்டைக்காரர் சிலர் 1877இல் கூடி, 'நீலகிரி கேம் அசோசியேஷன்' என்னும் சங்கத்தை நிறுவினர். ஆங்கிலத்தில் 'கேம்' என்பது வேட்டைக்குரிய விலங்கையும் குறிக்கும், விளையாட்டையும் குறிக்கும். ஒரு சொல்லுக்குள் எத்துணைக் கொடுமை அடங்கிக் கிடக்கிறது பாருங்கள்! 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. உரிமம் இன்றிச் சுடுதல் கூடாது. இன்னின்ன மாதங்களில் வேட்டை கூடாது. பெட்டையையும் குட்டியையும் சுடுதல் கூடாது. முதுகில் வெண்ணிறம் படர்ந்த முதிர்ந்த கடாவை மட்டுமே சுடலாம் என்றெல்லாம் காலப்போக்கில் விதிகள் உருவாயின.

அவ்விதிகளால் வரையாடு பிழைத்தது. ஆயின் அதன் பொருட்டு வேறு உயிர்கள் மடிந்தன. ஆட்டைத் தின்னும் புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவற்றைக் கொன்றவர்க்குச் சங்கமே வெகுமதி வழங்கியது. தாம் சுடவேண்டிய ஆட்டைப் புலி தின்றுவிடக் கூடாதாம்! பசிக்காகக் கண்ணி வைத்த மலைவாழ் ஏழையின் செயல் திருட்டு எனப்பட்டது. துரையின் செயல் மட்டும் விளையாட்டு எனப்பட்டது. இவற்றையும் பெயரனுக்குச் சொன்னோம். "அப்படியானால் கெட்டவர்கள்" என்று அவன் உடனே மாறிவிட்டான். குழந்தைகளின் தராசு விரைவில் சாய்வது.

நம் தராசு சாயவில்லை. ஏனெனில் சங்கத்தின் கதை அத்துடன் முடியவில்லை. நாடு விடுதலை பெற்றபின் உறுப்பினர் மாறினர். அவர்தம் உள்ளமும் மெல்ல மாறியது. இளமையில் துப்பாக்கி ஏந்திப் பின் அதனைத் துறந்தவரும், குன்னூரில் வழக்கறிஞராக இருந்தவருமான ஈ.ஆர்.சி. டேவிதார் 1963இல் நீலகிரி வரையாடுகளைக் கணக்கெடுத்தார். 1975இல் மீண்டும் தொடங்கி, அவை வாழும் பிற மலைகளிலும் ஆய்ந்தார். அவர் நினைவாகவே வரையாடு நாள் அமைந்தது. இடையே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டையும், ஒருகாலத்தில் தலைக்கு விலை வைக்கப்பட்ட புலியையும் ஒருசேரக் காத்தது. சங்கமும் 'கேம்' என்னும் சொல்லைக் கைவிட்டுக் கானுயிர், சுற்றுச்சூழல் சங்கம் எனப் பெயர் பூண்டது. முக்குறுத்திப் புல்வெளி 1990இல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2025இல் தமிழகம் முழுவதும் எடுத்த கணக்கில் 1,303 வரையாடுகள் காணப்பட்டன.

யசோதர காவியக் கதையை நாம் அனைவரும் அறிவோம். மன்னன் பலியிட்டது மாவினாற் செய்த கோழி. ஓர் உயிரும் சாகவில்லை. எனினும் கொல்லும் எண்ணம் இருந்தமையால் அவனும் தாயும் பிறவிதோறும் விலங்காய்ப் பிறந்து துன்புற்றனர். நீலகிரிக் கதையோ அதனை அப்படியே தலைகீழாக்கியது. எண்ணம் கொலை, விளைவு ஓர் இனத்தின் உயிர். எண்ணத்தை அளக்கும் கோலால் அளந்தால் அவ்வேட்டைக்காரர்க்குப் புண்ணியம் ஏதுமில்லை. அதில் நமக்கு ஐயமும் இல்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கிறோம். பெட்டையை விட்டுவிட வேண்டுமெனில், எதிர்ச்சரிவில் நிற்கும் ஆடு பெட்டையா கடாவா என்று உற்று நோக்கவேண்டும். எத்தனை குட்டிகள், எந்த மாதத்தில் ஈனும், எங்கே மேயும் என்று அறியவேண்டும். கொல்வதற்காகப் பழகிய அந்தப் பார்வைதான், பின்னொரு தலைமுறையில் துப்பாக்கி கீழிறங்கியபோது காக்கும் பார்வையாக நின்றது. தலைமுறைகளாகப் புலால் தொடாத நாம் அந்த ஆட்டைப் பார்த்ததுண்டா? படத்தில் கண்டதன்றி, நாம் பார்த்ததில்லை.

இதனை எழுதக் காரணமான வேறொரு நிகழ்ச்சியையும் சொல்லிவிடுகிறோம். நாம் பணியில் இருந்த காலத்தில், மலைமாவட்டத்திலிருந்து முதியவர் ஒருவர் கானுயிர்ப் பாதுகாப்புக்கென ஆசிரியர்களிடம் நன்கொடை கேட்டு வந்தார். வாலிபத்தில் தாமும் வேட்டையாடியவரே என்று மறைக்காமல் கூறினார். மற்ற ஆசிரியைகள் ஐந்தும் பத்தும் கொடுத்தனர். "உயிர் கொன்ற கைக்கு எம் பொருளைத் தர எம் சமயம் இடந்தராது, ஐயா" என்று பலர் முன்னிலையில் நாம் மறுத்தோம். அவர் சினம் கொள்ளவில்லை. "சரிதான் அம்மா" என்று கைகூப்பிவிட்டுச் சென்றார். அன்று நம் விரதத்தைக் காத்துக்கொண்டதாகப் பெருமிதம் அடைந்தோம். அந்த ஐந்து ரூபாய் எந்த உயிரின் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஒருகணமும் நினைக்கவில்லை.

பெயரன் இரவு எட்டு மணிக்குக் கட்டுரையைக் கொண்டுவந்து நீட்டினான். வரையாடு என்பதை இரண்டிடத்தில் வல்லின றகரம் இட்டு எழுதியிருந்தான். இறுதியில், 'வேட்டைக்காரர்கள் செய்தது தப்பு, ஆனாலும் அவர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. சிவப்பு மைப் பேனாவை அவ்வரியின்மீது சற்று நேரம் பிடித்திருந்தோம். பின்னர் றகரங்களை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டோம்.