எது கோழைத்தனம்?

வீரம் என்றதும் நாம் போர்க்களத்தையே நினைக்கிறோம். களத்தில் நின்றவன் வீரன், ஓடியவன் கோழை என்று எளிதில் தீர்ப்பும் கூறிவிடுகிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போரைக் களமாகக் கொண்டு ஸ்டீபன் கிரேன் 1895இல் வெளியிட்ட 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' என்னும் நாவல், அத்தீர்ப்பை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்கிறது.

இளஞ்சிப்பாய் ஹென்றி பகைவரின் தாக்குதலுக்கு அஞ்சி ஓடுகிறான். பின்வாங்கி ஓடிவந்த தன் படையினன் ஒருவனே துப்பாக்கிக் கட்டையால் அவன் தலையில் அடித்துவிடுகிறான். தோழர்களோ அதைக் குண்டுக் காயமென்று நம்புகிறார்கள். மறுநாள் அவனே கொடியேந்தி முன்செல்கிறான், பாராட்டும் பெறுகிறான்.

ஆனால் இடையில் ஒன்று நிகழ்ந்திருந்தது. படுகாயமுற்றுத் தள்ளாடிய ஒரு சிப்பாய், ஹென்றிக்கு எங்கே காயம் என்று பரிவோடு வினவினான். தன் ஓட்டம் வெளிப்பட்டுவிடுமோ என்று கலங்கிய ஹென்றி, அவனை வயல்வெளியில் தனியே விட்டகன்றான். பாராட்டுகளுக்கு நடுவிலும் அவனை வாட்டுவது அந்நினைவே.

1951இல் ஜான் ஹஸ்டன் இக்கதையைத் திரைப்படமாக்கினார். இரண்டாம் உலகப் போரில் அருஞ்செயல்களுக்காக உயர்ந்த விருதுகள் பெற்ற ஆடி மர்ஃபி, அஞ்சி ஓடும் ஹென்றியாக நடித்தார். அக்காயம்பட்ட சிப்பாய் இறப்பதாக எடுத்த காட்சியைப் பட நிறுவனம் வெட்டி நீக்கிவிட்டது. நம் மனமும் பல வேளைகளில் அவ்வாறே செய்கிறது.

உயிருக்கு அஞ்சுதல் மனித இயல்பு. அக்குறையை மறுநாளே துணிவால் ஈடுசெய்யலாம். நம் பெயர் கெடுமென அஞ்சி, நம்மை நம்பி உடன் நடந்தவனைக் கைவிட்டுவிட்டால், எந்தக் கொடியை ஏந்தி அதை ஈடுசெய்வோம்?