அச்சில் வந்த சாமி

கள்ளக்குறிச்சி வட்டாரத்து மரச்சிற்பிகள் ஒரு பிள்ளையாரைக் கட்டையிலிருந்து உளியால் வெளிக்கொண்டுவர நாட்கணக்கில் உழைக்கிறார்கள். 2021இல் அந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் வடக்கனந்தல் போன்ற ஊர்களின் வீடுகளில் அன்றாடம் விளக்கேற்றிக் கும்பிடுவது பெரும்பாலும் கண்ணாடிச் சட்டம் போட்ட அச்சுப்படத்தைத்தான். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி அச்சாகும் காகிதத்தில் தெய்வம் குடியிருக்குமா என்று கைவினையை நேசிப்பவர்கள் கேட்கிறார்கள். குடியிருக்கும் என்றே நினைக்கிறேன். வழிபாட்டு உருவங்களை எட்டு வகையாகச் சொல்லும் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தம், கல், மரம், உலோகம் ஆகியவற்றோடு வரைந்த சித்திரத்தையும் மணலையும் மனத்தில் நினைத்த உருவத்தையும் சேர்த்துக்கொள்கிறது. கையே படாத மன உருவம் பூசைக்கு உரியது என்றால், இயந்திரம் தொட்டது என்பதற்காகப் படத்தை எப்படி விலக்குவது?

ஜப்பானியப் பௌத்தம் இதைவிடத் துணிந்தது. பேரரசி ஷோத்தோகு காலத்தில், 770 வாக்கில் முடிந்த ஒரு பெரும்பணியில், பத்து லட்சம் சிறு மரக் கோபுரங்களுக்குள் அச்சிட்ட மந்திரச் சுருள்களை வைத்தார்கள். பிரதி பெருகப் பெருகப் புண்ணியமும் பெருகும் என்பது நம்பிக்கை. 1868இல் தொடங்கிய மேஜி காலத்தில் கல்லச்சும் புகைப்படமும் வந்து மரக்கட்டை அச்சைப் பின்னுக்குத் தள்ளியபோது, அங்கே நலிந்தது வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர் ஆகிய மூவரின் கூட்டுத் திறன். பின்னாளில் வத்தனாபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளர் மீட்க முயன்றதும் அதைத்தான். இன்று அருங்கலை என்று நாம் போற்றும் அந்த மரக்கட்டை அச்சும் பிரதி எடுக்கும் தொழிலே என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் 1894இல் ஓவியர் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் சாமி படங்கள் சிவகாசி அச்சில் ஊர் ஊராகப் போயின. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8இல். அதுவரை கருவறையை எட்டிப் பார்க்கவும் உரிமையில்லாதவரால் ஒரு படத்தை வாங்கிச் சுவரில் மாட்டி, பூ வைத்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் கும்பிட முடிந்தது. இதைவிடப் பெரிய நியாயம் அச்சுப்படத்துக்கு வேண்டுமா? பட்டாசுப் பெட்டியிலும் பழைய காலண்டரிலும் இருக்கும் சாமி குப்பைக்குப் போகிறதே என்பார்கள். களிமண் பிள்ளையாரும் மூன்றாம் நாள் ஆற்றில் கரைகிறார். அவரை வழியனுப்ப ஒரு சடங்கு இருக்கிறது, காலண்டருக்கு இல்லை. அந்தச் சடங்கை உண்டாக்குவது நம் பொறுப்பு.

என்னால் எளிதில் தள்ள முடியாத மறுப்பு ஒன்றுதான். அச்சு ஒரே முகத்தை எல்லா ஊருக்கும் கொடுத்துவிட்டது. நட்ட கல்லிலும் வேலிலும் சூலத்திலும் நின்ற தெய்வங்களுக்குக்கூட இன்று ரோஜா நிறக் கன்னமும் பெரிய கண்களும் வந்துவிட்டன. பக்தி இதனால் குறையவில்லை. அந்தந்த மண்ணுக்கென்று இருந்த சாயல் போகிறது. கள்ளக்குறிச்சி உளிக்காக வாதாடுபவர்கள் இந்த இழப்பைச் சொல்லி வாதாடினால் நானும் அவர்கள் பக்கம் நிற்பேன்.