விளக்கை ஏற்றிய பொய்



சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு சமய வகுப்பு எடுக்கிறேன். ஒரு நாள், "அர்ச்சுனன் யாருடைய பிள்ளை?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை சட்டென்று சொன்னாள்: "இந்திரனோட பிள்ளை, அண்ணே. அவரோட ஆன்மாதான் இப்ப ஆரு ஷாகிட்ட இருக்கு!" பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும்தான் ஒன்றும் புரியவில்லை.

பிறகுதான் விளக்கினாள். 'ஆரு ஷா அண்ட் த எண்ட் ஆஃப் டைம்' என்பது ரோஷனி சோக்ஷி எழுதி 2018-ல் வந்த ஆங்கில நாவல். பெர்சி ஜாக்சன் கதைகளை எழுதிய ரிக் ரியோர்டன் பெயரில் தொடங்கிய நூல் வரிசையில் முதல் புத்தகம் இதுதான். அடுத்தடுத்து வந்து 2022-ல் மொத்தம் 5 புத்தகங்களாக முடிந்தது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 12 வயதுப் பெண்ணுக்குள் பாண்டவரின் ஆன்மா. எமலோகப் பயணம், தேவ ஆயுதங்கள், சண்டை என்று பக்கத்துக்குப் பக்கம் ஓட்டம்தான்.

சொல்லி முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "அண்ணே, நீங்க மகாபாரதம் முழுசா படிச்சிருக்கீங்களா?"

"ஓ, படிச்சிருக்கேனே!" என்றேன்.

அது பொய். பாட்டி சொன்ன கதையும் தொலைக்காட்சித் தொடரும்தான் நான் அறிந்த பாரதம். ராஜாஜியின் 'வியாசர் விருந்'தைக்கூட பாதியில் மூடி வைத்தவன் நான். வகுப்பு எடுக்கிற அண்ணன் "இல்லை" என்று சொன்னால் மரியாதை போய்விடுமே என்ற பயம்.

அந்த நாவலை வாங்கி எம்ஆர்டியில் படிக்க ஆரம்பித்தேன். குறை கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணத்தில்தான். ஆனால் கதை எங்கே தொடங்குகிறது தெரியுமா? ஆரு பொய் சொல்கிற பிள்ளை. பணக்காரத் தோழர்கள் நடுவில் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள எதையாவது அளந்துவிடுவாள். அவர்கள் ஒரு நாள் வீடு தேடி வந்து அவளைப் பிடித்துவிடுகிறார்கள். அப்போதும் அவள் ஒத்துக்கொள்வதில்லை. தன் பேச்சை நிரூபிக்க, அம்மா தொடக்கூடாது என்று சொல்லியிருந்த பாரத விளக்கை ஏற்றிவிடுகிறாள். உள்ளே அடைபட்டிருந்த தீயவன் வெளியே வருகிறான். பெற்ற தாய் கண்ணெதிரே அசைவற்று உறைந்துபோகிறாள்.

புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தேன். இறங்க வேண்டிய நிலையம் தாண்டிவிட்டது.

தருமரை நினைத்துப் பாருங்கள். அவர் தேர் நிலத்தில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடும் என்பது கதை. துரோணரிடம் "அசுவத்தாமன் இறந்தான்" என்று உரக்கச் சொல்லி, "யானை" என்பதை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்தார். அந்தக் கணமே தேர் தரையைத் தொட்டது. பெரிய போர், பெரிய காரணம், கண்ணனே கூட இருக்கிறான். அப்படியும் தேர் இறங்கியது. எனக்கு என்ன பெரிய காரணம் இருந்தது? வெறும் கௌரவம்.

"சாமி கதையை வைத்து இப்படி விளையாடலாமா?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். அந்த நாவலில் சகுனியே புறாவாகப் பிறந்து பாண்டவருக்கு வழிகாட்டுகிறார்! கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம் முன்னோரும் பாரதத்தைத் தங்கள் மண்ணுக்கும் மொழிக்கும் கொண்டுவந்தவர்களே. வில்லிபுத்தூரார் அதைத் தமிழில் பாடினார். திரௌபதி தீ மிதித்த கதை வியாசரிடம் இல்லை. அது நம் கிராமத்துத் திரௌபதி அம்மன் வழிபாட்டில் வளர்ந்தது. அங்கிருந்து கப்பலேறி சிங்கப்பூருக்கும் வந்தது.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலைப் பாருங்கள். 1827-ல் தோன்றிய கோயில். தீமிதிக்கு முன்னால் திரௌபதி திருக்கல்யாணம், அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி என்று பாரதமே அங்கே சடங்காக நடக்கிறது. விரதம் இருந்தவர்கள் தேக்காவில் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் கூடி, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்துபோய்த்தான் பூக்குழி இறங்குகிறார்கள். அந்தக் கதை அவர்களிடம் நோன்பு கேட்கிறது, வாக்குக் கேட்கிறது. நாம் ஒரு கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போனால், அது வியாசர் சொன்னதாக இருந்தாலும் வெறும் பொழுதுபோக்குத்தான். நம்மிடம் எதையாவது கேட்டு வாங்கினால், நாவலும் நல்ல கதையே.

அந்த நாவல் என்னிடம் ஒன்றைக் கேட்டது. அடுத்த ஞாயிறு வகுப்பில் எழுந்து நின்றேன். "போன வாரம் நான் சொன்னது பொய். மகாபாரதம் முழுசா படிச்சதில்லை" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு தம்பி கேட்டான்: "அப்ப எங்களுக்குச் சொன்னதுல வேற எதெல்லாம் பொய், அண்ணே?" சுருக்கென்றது. அவன் கேட்டது சரிதான். ஒரு பொய் தெரிந்துவிட்டால், நான் சொன்ன மெய்யும் அவனுக்குச் சந்தேகமாகிவிடுகிறது. "எனக்குத் தெரியாதது நிறைய இருக்கு. இனிமே தெரியலைன்னா தெரியலைன்னே சொல்றேன்" என்றேன். அவன் முகத்தில் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. வர நாளாகும்.

ஆரு ஷாவைச் சொன்ன தங்கைதான் முடித்து வைத்தாள்: "அப்ப சேர்ந்தே படிப்போம், அண்ணே." பாரதத்தில் 18 பருவங்கள். இப்போது நாங்கள் சபா பருவத்தில், சூதாட்ட மண்டபத்து வாசலில் நிற்கிறோம். வாரா வாரம் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கிறோம். புரியாத இடத்தில் நானும் கை தூக்குகிறேன்.

தம்பி தங்கைகளே, எந்த நாவல் பிடித்தாலும் ஆசை தீரப் படியுங்கள். மூடி வைக்குமுன் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கதை என்னை என்ன செய்யச் சொல்கிறது? பதில் சிறியதாக இருக்கலாம். வீட்டில் அம்மாவிடம் மறைத்த ஒரு மதிப்பெண்ணாகக்கூட இருக்கலாம். அதை இன்று இரவே சொல்லிவிடுங்கள்.

திரௌபதி அம்மன் துணை இருப்பாள். வணக்கம்.