பிசின் தடவிய ஈர்க்குச்சி

அந்தோணியார் உண்டியலுக்குள் ஈர்க்குச்சியை விட்டுக் காசு எடுத்தான் ஒரு பையன். குச்சி முனையில் பலாப் பிசின். என்னிடம் மறைக்கல்வி படித்தவன்தான், பதினோரு வயது. அதற்கு முன்பே பக்கத்தில் இருந்தவன் கையைக் கடித்தவன், கோயில் புறாவின் காலைக் கல்லால் ஒடித்தவன். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, "இவன் ஜெயிலுக்குத்தான் போவான், எழுதி வச்சுக்கோம்மா" என்றேன். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

அப்போது அதைத் தீர்ப்பாக நினைக்கவில்லை. ஜென்மப் பாவம் பற்றி வாராவாரம் பாடம் எடுக்கிறவனுக்கு அது தானாக வாயில் வந்துவிட்டது.

புனித அகுஸ்தினாரும் பதினாறு வயதில் திருடியவர்தான். பேரிக்காய். பசியில்லை; வீட்டில் அதைவிட நல்ல காய் இருந்தது. இரவில் கூட்டாளிகளோடு மரத்தை உலுக்கிப் பன்றிகளுக்குக் கொட்டினார். இதைப் பாவத்தின் ருசிக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடுவேன். தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று அவரே எழுதியிருப்பதை மட்டும் சொன்னதில்லை.

பதின்வயதில் கூட்டத்தோடு தவறி, பிறகு விட்டுவிடுகிறவர்கள் ஒரு வகை. சின்ன வயதிலேயே தொடங்கி நிறுத்தாமல் போகிறவர்கள் வேறு வகை என்று 1993இல் உளவியலாளர் டெரி மொஃபிட் பிரித்துக் காட்டினார். என் பையன் இரண்டாம் வகையின் வாசலில் நின்றவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாசலில் நிற்கிறவர்களைப் பற்றி லீ ராபின்ஸ் 1966இலேயே எழுதிவிட்டார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் குழந்தைகள் மனநல மையத்துக்கு வந்த 524 பேரை முப்பது வருஷம் கழித்துத் தேடிப் பிடித்தவர் அவர். முரடர்களாக வளர்ந்துவிட்டவர்களின் பின்னே போனால், ஏறக்குறைய எல்லோருமே முரட்டுப் பிள்ளைகளாக இருந்தவர்கள். முரட்டுப் பிள்ளைகளின் பின்னே போனால், பெரும்பாலோர் அப்படி ஆகவில்லை.

விதி என்ற சொல் முடிவிலிருந்து திரும்பிப் பார்க்கிறவனுக்குத்தான் பொருந்துகிறது. நானோ பதினோரு வயதுக்காரனை எதிரே வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். ஜென்மப் பாவம் மனிதனைக் காயப்படுத்தியதே தவிர அவன் சுயாதீனத்தை அழிக்கவில்லை என்பதுதான் எங்கள் திருச்சபை போதனை. அதில் பாதியைத்தான் நான் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன மாதம் வீட்டுக் குழாயில் ஒழுக்கு. பிளம்பர் என்று வந்து நின்றது அவன்தான். "சார், என்னைத் தெரியுதா?" என்று சிரித்தான். காபி போட உள்ளே போகிறபோது, மேஜைமேல் கிடந்த மணிபர்சை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவன் ஸ்பானரைப் பார்த்தபடியே இருந்தான், பார்க்காதவன் மாதிரி.