மதிப்பூதியம் என்ற சொல்

சொற்கள் கெட்டுப்போவது கவிதையில் மட்டும் நடக்கிற காரியமல்ல. அரசாணைகளிலும் நடக்கிறது, அங்கே விளைவு உடனடியானது. 'ஊதியம்' என்று ஒரு சொல் இருக்கையில் 'தொகுப்பூதியம்', 'மதிப்பூதியம்' என்பவை ஏன் தேவைப்பட்டன? ஊதியம் என்றால் கொடுப்பவன் கடன்பட்டவன். மதிப்பூதியம் என்றால் அவன் கொடையாளி. தொகை குறைவதற்கு முன்பே உறவு தலைகீழாகிவிடுகிறது. குருவைத் தெய்வமாக்கிய நம் மரபும் இதற்குத் துணை. தெய்வத்துக்குக் காணிக்கைதான் உண்டு; சம்பளம் கிடையாது.

2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள். மாதம் 5,000 ரூபாய். மே மாதத்துக்கு ஒன்றுமில்லை. 2024இல் தொகை 12,500 ஆயிற்று. ஓவியமும் இசையும் அரைநாள் விஷயங்கள் என்று ஓர் அரசு முடிவு செய்யும்போது அது நிர்ணயிப்பது சம்பளத்தை மட்டுமல்ல. அடுத்த தலைமுறையின் ரசனையில் கலைக்குரிய இடத்தையும்தான். ரசனை வறுமை பற்றிச் சலிக்காமல் எழுதுகிற நம் சிறு வட்டம் இந்தச் சம்பளக் கணக்கைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அரைநாளுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு சரித்திரம் உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1953இல், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளைக்கு மூன்று மணி நேரப் படிப்பு போதும், மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றார். பின்னால் இருந்தது ஒரு பணக் கணக்கு: அதே கட்டிடம், அதே ஆசிரியர், கூடுதல் பிள்ளைகள். எதிர்ப்பு வலுத்தது. 1954இல் அவர் பதவி விலகினார். காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அரைநாள் மாணவனை ஏற்காத சமூகம் அரைநாள் ஆசிரியனை ஏற்றுக்கொண்டுவிட்டது. அன்று கணக்குக்குப் பின்னால் சாதியைக் காண முடிந்த நமக்கு இன்று கணக்கு வெறும் கணக்காகவே தெரிகிறது.

இப்போதைய சச்சரவு வேறு தளத்தில் நடக்கிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்பது பங்கீடு. தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ ஏற்கச் செய்யும் பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திட மறுத்ததால், 2024-25க்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் போயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் சந்தையிலேயே புழங்குகிற கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து பார்க்கையில், மொழியைப் பணத்தால் புகுத்தலாம் என்ற எண்ணம் விசித்திரமாகத்தான் படுகிறது. மறுப்பின் பக்கமே நான்.

நிதிக்கு நிபந்தனை கட்டுவது புதிதல்ல. 1862இல் இங்கிலாந்தில், பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறுவதைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம் என்று விதி வந்தது. மாத்யூ ஆர்னால்டை நாம் விமர்சகராகவே படித்திருக்கிறோம். 1851 முதல் 1886 வரை அவர் பள்ளி ஆய்வாளர். அரசின் ஊழியராக இருந்தே அந்த விதியை எழுத்தில் எதிர்த்தார். பணத்தை நிபந்தனையோடு கட்டினால் பள்ளி பிள்ளையை விட்டுக் கஜானாவைப் பார்க்கத் தொடங்கும். அந்த முறையைக் கைவிட இங்கிலாந்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

ஒரு கொள்கைக்கான சண்டையை இன்னொருவன் சம்பளத்தை வைத்து நடத்தலாமா? கூடாது. நிறுத்தியவனுக்கு மட்டுமல்ல இது, மறுத்தவனுக்கும் பொருந்தும். மறுப்பின் விலையை மறுத்தவன்தான் தர வேண்டும். மாநிலம் தன் கருவூலத்திலிருந்து ஈடுகட்டுவதாகச் சொன்னது. அது நியாயம், ஆனால் அந்த நியாயம் 2024இல் தொடங்குகிறது. அரைநாள் அதற்கு முந்தியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில் கலைக்கும் உடற்கல்விக்கும் 'பகுதிநேரப் பயிற்றுநர்' என்றே எழுதியது. டெல்லி சொல்லைத் தந்தது. சென்னை அதற்கு 5,000 என்று விலை எழுதியது. மொழியில் விட்டுக்கொடுக்காத இரண்டு அரசுகளும் அந்த ஒரு சொல்லில் சண்டையிட்டதே இல்லை.