கத்தியில் இரண்டு பெயர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் வைத்திருந்த வேட்டைக் கத்திகள் சிலவற்றின் அலகில் 'அருணாசலம், சேலம்' என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். பன்றி வேட்டைக்கான ஈட்டிமுனைகளுக்கும் அந்தப் பட்டறை பேர் போனது. ஔரங்காபாத் போத்ராஜின் பெயரும் இப்படி அலகில் நின்றதுதான். கைவினைஞனின் பெயர் அழிக்கப்பட்டுவிட்டது என்ற நம் வழக்கமான புலம்பலுக்கு இங்கே இடமில்லை. பெயர் இருக்கிறது. பிரச்னை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இத்தகைய கத்தி நினைவுப் பரிசாகும்போது அதில் இரண்டாவது பெயர் ஏறுகிறது: பெற்றவர் பெயர், அவரது ரெஜிமெண்ட், வருஷம். முதற்பெயர் எஃகின் தரத்துக்கு உத்தரவாதம். இரண்டாவது ஒரு மனிதனுக்குச் செய்த மரியாதை. ஒரே பொருளில் இருந்தும் இரண்டும் ஒரே தளத்தில் இல்லை.

இந்த வித்தியாசத்தைச் சட்டம் ஒளிக்கவில்லை. லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி வாள், குத்துவாள், ஈட்டி, ஈட்டிமுனை எல்லாம் ஆயுதங்களே. செய்யவும் விற்கவும் லைசென்ஸ் வேண்டும். ஏந்திச் செல்லவும் வேண்டும். ஆனால் ஐரோப்பியர்களுக்கு இதிலிருந்து விலக்கு. ஆக, உள்ளூர்க்காரன் கையில் குற்றமாகக்கூடிய ஈட்டிமுனை, அதிகாரியின் வீட்டுச் சுவரில் ஞாபகச் சின்னம்.

பரிசளித்தவர்களிடம் உண்மையான நட்பு இருந்திருக்கலாம். அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் நட்பு அந்தரங்கமானது. ஆயுதத்தை ஞாபகமாக வைத்துக்கொள்ளும் உரிமை அப்படியல்ல. அது யாருக்கு உண்டு என்பதை அதிகாரம் முன்னரே தீர்மானித்திருந்தது. அந்தரங்க சுத்தத்தைக் காட்டி இந்த உரிமையை நியாயப்படுத்த முடியாது. கத்திக்கு உறை மாதிரி, நல்லெண்ணம் கூர்மையை மறைத்தது, மழுக்கவில்லை.

இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் சேலத்துப் பெயரைத் தேடி வாங்குகிறார்கள். காலம் நீதி வழங்கிவிட்டது என்று திருப்திப்படலாம். ஆனால் இப்போதும் அந்தப் பெயர் பொருள் அசல் என்பதற்கான முத்திரைதான். செக்கில் கையெழுத்தைச் சரிபார்ப்பவன் ஆளை அறிவதில்லை. ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கிறான். பெயரை வாசிப்பது வேறு, மனிதனை அங்கீகரிப்பது வேறு.

இந்தக் கேள்வி பழைய கத்திகளோடு முடிந்துவிடுவதில்லை. கவிதைக்குக் கீழே அச்சாகியிருக்கும் பெயரை நாம் எப்படி வாசிக்கிறோம் — எழுதிய மனிதனாகவா, தரமுத்திரையாகவா?